சுவரின் மேல் நிற்கும் ஆலயம்: பிராட்வெல் புனித பேதுரு சிற்றாலயத்துக்கு ஒரு முழு நாள் வழிகாட்டி

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், எசெக்ஸ் மாவட்டத்தின் கடைசி ஓரத்தில், வயல் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் ஒரு கல் கட்டடம் தனியாக நிற்கிறது. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் தானியக் களஞ்சியம் என்றுதான் நினைப்பார்கள். கோபுரம் இல்லை. அருகில் தெருவும் இல்லை, கடையும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் எழுந்த இந்த ஆலயத்துக்கு செயின்ட் பீட்டர்-ஆன்-தி-வால் என்று பெயர். சுவரின் மேல் புனித பேதுரு. அந்தப் பெயரில் உவமை எதுவும் இல்லை. ரோமானியக் கோட்டைச் சுவர் ஒன்றின் மேல்தான் இது கட்டப்பட்டிருக்கிறது.

முதல் முறை நான் காரில் போனேன். உள்ளே எட்டிப் பார்த்து, நான்கு படங்கள் எடுத்து, இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், சுவரின் நடுவே வேறு நிறக் கற்களால் அடைத்த பெரிய வடு ஒன்று கண்ணில் பட்டது. அது என்னவென்று தேடிப் படித்த பிறகு மறுபடியும் போனேன், அந்த முறை நடந்து. இந்த வழிகாட்டி இரண்டாவது பயணத்தின் முறைப்படி எழுதியது.

1. புறப்படும் முன் ஒரு மணி நேரம் படியுங்கள்

அங்கே விளக்கிச் சொல்ல யாரும் காத்திருக்க மாட்டார்கள். கதையைத் தெரிந்துகொண்டு போனால்தான் கல் பேசும்.

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடல்வழித் தாக்குதல்களைத் தடுக்க ரோமானியர்கள் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரை நெடுகக் கோட்டைகள் கட்டினார்கள். அவற்றில் ஒன்றான ஒத்தோனா, பிளாக்வாட்டர் ஆற்றின் கழிமுகத்தில் இருந்தது. ரோமானியர்கள் போனார்கள், கோட்டை பாழடைந்தது. ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு, இன்றைய எசெக்ஸ் பகுதியை ஆண்ட கிழக்கு சாக்சன் அரசர் சிகெபெர்ட், வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட ஓஸ்வியின் நட்பால் கிறிஸ்தவரானார். தன் மக்களுக்குப் போதிக்க ஆள் கேட்டார். லிண்டிஸ்பார்ன் தீவு மடத்தில் பயின்ற செட் என்ற துறவி 653இல் அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே ஆயராக்கப்பட்டார். பாழடைந்த கோட்டையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கல்லையும் செங்கல்லையும் எடுத்து, மேற்கு வாயில் இருந்த இடத்தில், கோட்டைச் சுவரையே அடித்தளமாக வைத்து ஆலயத்தை எழுப்பினார்கள்.

இதை நமக்குச் சொல்பவர் பீட் என்ற துறவி. 731இல் முடித்த தன் திருச்சபை வரலாற்றில், செட் போதித்த இடங்களில் ஒன்றாக இத்தன்கேஸ்டிர் என்ற ஊரைக் குறிப்பிடுகிறார். அது இந்த ஒத்தோனாதான்.

பீட் சொல்லும் இன்னொரு செய்தியை நான் எப்போதும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அங்கே நடப்பேன். 664இல் கொள்ளைநோய் பரவியபோது, வடக்கே லாஸ்டிங்ஹாமில் தான் நிறுவிய மடத்தில் செட் இறந்தார். செய்தி கேட்டதும் கிழக்கு சாக்சன் நாட்டு மடத்திலிருந்து சுமார் முப்பது துறவிகள் புறப்பட்டுப் போனார்கள். தங்கள் தந்தையின் உடலருகே வாழ வேண்டும், இறைவன் சித்தமானால் அங்கேயே இறக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். அதே நோயில் அத்தனை பேரும் இறந்தார்கள், ஒரு சிறுவனைத் தவிர. தனக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை என்பது அவனுக்கே பின்னாளில்தான் தெரிந்தது. செட்டின் வேண்டுதலால்தான் அவன் பிழைத்தான் என்று பீட் நம்புகிறார். அந்தத் துறவிகள் பிரிந்து போன நாட்டின் கரையில்தான் நீங்கள் நிற்கப் போகிறீர்கள்.

2. நாளையும் ஓதத்தையும் பாருங்கள்

கோடையில் மாலை ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆலயத்துக்கு வரும் பாதையில் விளக்குகள் கிடையாது. குளிர்காலத்தில் போனால் மதியத்துக்குள் அங்கே இருக்கும்படி திட்டமிடுங்கள்.

ஜூலை முதல் சனிக்கிழமையில் ஆண்டுத் திருப்பயணம் நடக்கும். கூட்டமாகச் சேர்ந்து நடந்து வழிபடுவதில் மனம் நிறைபவர்கள் அன்றைக்கே போகலாம். அமைதியாகச் சுவரைப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும். கோடை ஞாயிறு மாலைகளில் வழிபாடும் நடப்பதுண்டு. நேரத்தை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் தேர்வு அக்டோபர். காற்று கடிக்கும், ஆனால் தொடுவானம் தெளிவாக இருக்கும். சைபீரியாவிலிருந்து வரும் பிரெண்ட் வாத்துகளும் அப்போதுதான் கூட்டம் கூட்டமாக இறங்கத் தொடங்கும்.

ஓத அட்டவணையைக் கட்டாயம் பாருங்கள். பிராட்வெல்லுக்கான கடலேற்ற நேரங்கள் இணையத்தில் கிடைக்கும். நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். வற்றிய நேரத்தில் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளிதான்; கடல் எங்கே போனது என்றே தெரியாது. ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு அங்கே இருந்தால், நீர் கால்வாய் கால்வாயாக உள்ளே ஊர்ந்து வருவதையும், சேற்றில் மேய்ந்த பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பிக் கரைக்கு வருவதையும் பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதலாக இருக்கும்.

3. பையில் வைக்க வேண்டியவை

காற்று புகாத மேலாடைதான் முதலில். ஆலயம் இருக்கும் டெஞ்சி தீபகற்பம் தட்டையான நிலம். கடலிலிருந்து வரும் காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. ஜூன் மாதத்திலும் அதை எடுத்துச் செல்லுங்கள். சேறு தாங்கும் காலணி, குடிநீர், உணவு, சிறிய கைவிளக்கு, இருந்தால் தொலைநோக்கி. ஆலயத்தில் கழிப்பறையோ குடிநீரோ கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். அதையெல்லாம் ஊரிலேயே பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

4. பிராட்வெல்-ஆன்-சீ வரை

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து விக்ஃபோர்ட் போய், அங்கே கிளைப்பாதை ரயிலில் மாறி, கடைசி நிறுத்தமான சவுத்மின்ஸ்டரில் இறங்க வேண்டும். அங்கிருந்து, ஆலயத்துக்கு அருகிலுள்ள ஊரான பிராட்வெல்-ஆன்-சீ பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பஸ்கள் குறைவு. திரும்பி வரும் கடைசி பஸ் எப்போது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஏறாதீர்கள். ஞாயிற்றுக்கிழமையில் பஸ்ஸை நம்பித் திட்டம் போடாதீர்கள். டாக்சி என்றால் முன்பதிவு செய்துவிடுங்கள். நிலைய வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும் ஊர் அல்ல அது.

நீண்ட தூரம் நடக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சிப்பிங் ஓங்கர் என்ற ஊரிலிருந்து புனித பேதுரு வழி என்ற நடைபாதை, வயல்களினூடே 65 கிலோமீட்டருக்கு மேல் வந்து இந்த ஆலயத்தின் வாசலில் முடிகிறது. மூன்று அல்லது நான்கு நாள் ஆகும்.

காரில் வருபவர்கள் ஊரைத் தாண்டி, கிழக்கே போகும் சாலையின் கடைசி வரை சென்று வண்டி நிறுத்தலாம். முடிந்தவர்கள் வண்டியை ஊரிலேயே நிறுத்தி நடக்கட்டும் என்பதுதான் என் கருத்து. ஊரிலிருந்து ஆலயம் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். புறப்படும் முன், ஊரின் புனித தோமா ஆலயத்தின் மதிலோரம் இருக்கும் பழைய கைதிக்கூண்டைப் பார்த்துவிட்டுப் போங்கள். நெடுங்காலம் இந்தத் தோமா ஆலயத்தின் கீழ்தான் கடற்கரைச் சிற்றாலயம் இருந்தது.

5. கடைசி எண்ணூறு மீட்டர்

தார்ச்சாலை முடிந்ததும் வயல்களுக்கு நடுவே நேர்கோடாக ஒரு பாதை. வண்டிகளுக்கு இங்கே அனுமதி இல்லை. நடக்க இயலாதவர்களை அழைத்து வருவதானால் ஆலயத்தைக் கவனிக்கும் பங்கு அலுவலகத்திடம் முன்பே பேசுங்கள். பாதை ஏன் இப்படி ஒரு வளைவுகூட இல்லாமல் ஓடுகிறது என்று யோசித்துக்கொண்டே நடங்கள். இது கோட்டையின் மேற்கு வாயிலுக்குப் போன ரோமானியச் சாலையின் தடம். சாலை வாயிலுக்கு வந்தது. வாயில் இருந்த இடத்தில் ஆலயம் எழுந்தது. அதனால்தான் அது பாதையின் முடிவில், குறி பார்த்து வைத்ததுபோல நிற்கிறது.

பாதையின் தொடக்கத்தில் ஆலயம் பெட்டி அளவு தெரியும். பாதி தூரம் வந்த பிறகும் பெரிதாகாததுபோல் இருக்கும். பிறகு சட்டென்று உயர்ந்துவிடும். இந்த அனுபவத்துக்காகவே பேச்சைக் குறைத்து நடக்கச் சொல்கிறேன்.

6. உள்ளே போகாதீர்கள், முதலில் சுற்றி வாருங்கள்

கதவு திறந்துதான் இருக்கும். பகலில் யாரும் நுழையலாம். இருந்தாலும் அரை மணி நேரம் வெளியிலேயே செலவிடுங்கள். இந்தப் பயணத்தின் உயிர் வெளிச்சுவரில்தான் இருக்கிறது.

மேற்குச் சுவரில் தொடங்குங்கள். கைக்கெட்டும் உயரத்தில் கற்களைக் கவனியுங்கள். ஒரே அளவில் செதுக்கிய கல் வரிசை இங்கே இல்லை. மெல்லிய, சிவந்த, தட்டையான துண்டுகள் ரோமானியச் செங்கல். பழுப்பு நிறக் கரடுமுரடான கட்டிகள், இந்தக் கரையின் களிமண் படுகையில் கிடைக்கும் சுண்ணாம்புக் கற்கள். சாம்பல் நிறத்தில் கடினமானவை வேறு இடத்திலிருந்து ரோமானியர்கள் கொண்டுவந்தவை. கோட்டை கட்டியவர்கள் ஒருமுறை சுமந்ததை ஆலயம் கட்டியவர்கள் மறுமுறை சுமந்தார்கள். பெரிய, நல்ல கற்கள் மூலைகளில் இருப்பதைப் பாருங்கள். பலம் எங்கே வேண்டும் என்று அறிந்த கைகள் அவை.

கதவுக்கு மேலும் கீழும் தரையிலும் பார்த்தால், முன்பு இங்கே நுழைவு மண்டபம் ஒன்று இருந்ததன் தடயம் தெரியும். அதன் மேல் பிற்காலத்தில் ஒரு சிறு கோபுரமும் இருந்தது. 1442இல் நடந்த விசாரணை ஒன்றில், இந்த ஆலயத்தை யார், எப்போது கட்டினார்கள் என்று ஊராரிடம் கேட்டபோது, தெரியாது என்றார்கள். எட்டு நூற்றாண்டில் செட்டின் பெயரே அவருடைய ஊரில் மறந்துபோயிருந்தது.

இப்போது பக்கச் சுவருக்கு வாருங்கள். நான் படத்தில் கண்ட வடு இங்கேதான். வண்டி நுழையும் உயரத்துக்குச் சுவரை இடித்து, பிறகு அடைத்த இடம். எதிர்ச் சுவரிலும் அப்படியே. வழிபாடு நின்றுபோன பிறகு, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் இந்தக் கட்டடம் களஞ்சியமாகிவிட்டது. தானிய வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழி வேண்டும், சுவரை உடைத்தார்கள். இதைப் பார்த்து வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த உழவர்கள் மேல் நன்றிதான் இருக்கிறது. பயன்படாத கட்டடத்தின் கல்லை அடுத்தவர் எடுத்துப் போவார்கள். ரோமானியக் கோட்டைக்கு நேர்ந்தது அதுதானே. கதிரை வைக்க இடம் தேவைப்பட்டதால்தான் யாரோ ஒருவர் ஆண்டுதோறும் இதன் கூரையைச் செப்பனிட்டார். அறிஞர்கள் இதன் தொன்மையை உணர்ந்த பிறகு பழுது பார்க்கப்பட்டு, 1920 ஜூன் 22 அன்று மீண்டும் ஆலயமாக அர்ச்சிக்கப்பட்டது.

கிழக்குப் பக்கம் போனால் இன்னொரு பாடம். செட் கட்டிய ஆலயம் இங்கே முடியவில்லை. அரைவட்டமாக ஒரு பீடப்பகுதி வெளியே நீண்டிருந்தது. அதன் வடிவத்தைத் தரையில் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டின் மேல் நடந்து பாருங்கள், பழைய அளவு கால்களுக்குப் புரியும். சுவரில் செங்கல் வளைவுகளின் தொடக்கம் இரண்டு ஓரங்களிலும் தெரிகிறது. மக்கள் பகுதியையும் பீடப் பகுதியையும் பிரித்த வளைவுகளில் மிஞ்சியவை அவை. அடிவாரத்தில் குனிந்து தேடாமல் நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். காலை வெயிலில் இந்தப் பக்கம் தெளிவாக இருக்கும்.

கோட்டையைத் தேடுபவர்களுக்கு அதிகம் கிடைக்காது. கிழக்குப் பாதியைக் கடல் தின்றுவிட்டது. தெற்கே புதருக்குள் சுவரின் சிறு பகுதி மட்டும் உண்டு. இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். ஓட்டுத்துண்டு ஒன்று காலில் தட்டுப்பட்டாலும் பையில் போடாதீர்கள். உலோகம் தேடும் கருவியை இங்கே அனுமதியின்றிப் பயன்படுத்துவது குற்றம்.

7. இப்போது உள்ளே

உள்ளே ஒரே கூடம். நீளம் சுமார் 15 மீட்டர், அகலம் ஆறரை மீட்டர் போல, ஆனால் உயரம் ஏழு மீட்டருக்கு மேல். இந்த உயரம்தான் நுழைபவரை நிறுத்துகிறது. சுவர்களில் பூச்சு வேலையோ வண்ணமோ இல்லை. சன்னல்கள் உயரத்தில் சிறியதாக இருப்பதால் வெளிச்சம் மேலிருந்து இறங்கும். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். வெளியே பார்த்த வடுக்களை உள்பக்கமும் அடையாளம் காணலாம்.

பீடத்தில் மூன்று கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று அயோனாவிலிருந்து, ஒன்று லிண்டிஸ்பார்னிலிருந்து, ஒன்று லாஸ்டிங்ஹாமிலிருந்து. இந்த வரிசையைக் கவனியுங்கள். அயோனா, லிண்டிஸ்பார்னின் தாய்மடம். லிண்டிஸ்பார்ன் செட் பயின்ற இடம். லாஸ்டிங்ஹாம் அவர் இறந்த இடம். அந்த முப்பது பேரும் இறந்த இடமும் அதுவே. மூன்று ஊர்க் கற்களும் நான்காம் ஊரில் ஒரே பீடத்தில் இருக்கின்றன. எனக்கு இந்தப் பீடத்தின் முன்தான் நீண்ட நேரம் உட்காரத் தோன்றும்.

யாராவது ஜெபித்துக்கொண்டிருந்தால் படம் எடுப்பதைத் தள்ளிவையுங்கள். இது காட்சிக்கூடம் அல்ல, வழிபாடு நடக்கும் ஆலயம். தனியாக இருக்க நேர்ந்தால், சமயம் எதுவானாலும், மெல்லிய குரலில் தெரிந்த ஒரு பாடலைப் பாடிப் பாருங்கள். வெறும் கல் சுவரும் இந்த உயரமும் சேர்ந்து குரலைத் தாங்கிக்கொள்ளும் விதம் வியப்பானது. கிளம்பும் முன் காணிக்கைப் பெட்டியில் இயன்றதைப் போடுங்கள். நுழைவுக் கட்டணம் வாங்காத கட்டடத்துக்கும் கூரை ஒழுகும்.

8. கடலணையின் மேல்

ஆலயத்துக்குக் கிழக்கே சில அடிகளில் கடலணை. அதன் மேல் ஏறினால் உவர்நிலம் விரியும். பழந்தமிழில் கழி என்று சொல்வார்களே, அதேதான்: உப்பு நீர் புகுந்து புறப்படும் வளைந்த ஓடைகள், நடுவே உவர்ச்செடிகள். அழகாக இருக்கிறது என்று இறங்கி நடக்காதீர்கள். ஏற்றத்தின்போது நீர் முன்னாலிருந்து மட்டும் வராது; உங்களுக்குப் பின்னால் இருக்கும் ஓடை முதலில் நிரம்பிவிடும். சேறு முழங்கால் வரை இழுக்கும். அணையின் மேலேயே இருங்கள். 1953 ஜனவரி 31 இரவில் வடகடல் பொங்கியபோது எசெக்ஸ் கரையில் அணைகள் உடைந்து பல உயிர்கள் போயின; இந்த மண்மேட்டின் மதிப்பை இந்தக் கரை மக்கள் அறிவார்கள்.

அருகில் கடற்சிப்பிகள் குவிந்த வெண்திட்டு ஒன்று உண்டு. சின்ன ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் சிப்பிகளுக்கு நடுவே தரையிலேயே முட்டையிடும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அந்தத் திட்டில் கால் வைக்காதீர்கள். முட்டைக்கும் சிப்பிக்கும் வேறுபாடு தெரியாமல் மிதித்துவிடுவோம். நாயை அழைத்து வந்தால் வாரில் பிடித்திருங்கள்.

ஆலயத்துக்கு வடக்கே மரங்களுக்குள் ஒத்தோனா சமூகத்தின் வீடுகள் இருக்கின்றன. பிரிட்டன் விமானப்படையின் குருவாக இருந்த நார்மன் மோட்லி, போர் முடிந்த மறு ஆண்டான 1946இல், பகைத்தவர்கள் சேர்ந்து வாழ்ந்து பார்க்கட்டும் என்று இங்கே முகாம் தொடங்கினார். தொடக்கக் காலத்தில் ஜெர்மானியப் போர்க் கைதிகளும் பங்கேற்றார்கள். தங்க விரும்புகிறவர்கள் முன்பே தொடர்புகொள்ளலாம்.

9. திரும்பும் வழி

கால் வலு இருந்தால் வந்த வழியே போகாமல், கடலணை மேல் வடமேற்காக நடங்கள். 1962 முதல் 2002 வரை மின்சாரம் தந்த பிராட்வெல் அணுமின் நிலையத்தின் இரண்டு பெரும் கட்டடங்கள் வழிகாட்டும். அதைக் கடந்து படகுத்துறை, பிறகு ஊர். ஊரிலிருந்து ஊருக்கு முழுச் சுற்றும் சுமார் பத்து கிலோமீட்டர். நிதானமாக நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை வரை இருக்க முடிந்தவர்களுக்கு வந்த வழியே நல்லது. வெயில் மேற்கிலிருந்து நேராக அந்தப் பாதை வழியே வந்து மேற்குச் சுவரில் விழும். காலையில் சாம்பலாகத் தெரிந்த சுவரில் ரோமானியச் செங்கற்கள் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும். இருநூறு மீட்டர் நடந்த பிறகு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதற்கு முன், வெளியே வரும்போது கதவைச் சாத்தி, தாழ் விழுந்ததா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். கடற்காற்றில் கதவு திறந்துகொண்டால் பறவைகள் உள்ளே புகுந்துவிடும். அந்த உயரத்தில் பறக்கும் அவற்றுக்குத் திரும்ப வழி தெரியாது.